மாரிக்கு முன் பெட்டிகளுக்குக் கியூஆர் லேபிள் தயாரிக்கும் முறை

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் வீட்டில், மாரி தொடங்குமுன் சாமான்களைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுவோம். பிறகு காணி உறுதி தேவைப்பட்டால் எல்லாப் பெட்டிகளையும் இறக்க வேண்டியிருக்கும். 2022 இல் எரிபொருள் பெற நாம் காட்டிய அதே வகைக் கியூஆர் குறியீடு இந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது: பெட்டியில் ஒட்டிய குறியீட்டைக் கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்தால், உள்ளே இருப்பவற்றின் பட்டியல் திறக்கும்.

முதலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுங்கள். கூகுள் டொக்ஸில் பெட்டிக்கு ஒன்றாக ஆவணம் திறந்து, உள்ளே உள்ளவற்றை எழுதி, இணைப்பு வைத்திருப்பவர் எவரும் பார்க்கலாம் என்று பகிர்வை மாற்றி, அந்த இணைப்பைப் பிரதி எடுங்கள். லேபிளை ஸ்கேன் செய்யும் எவருக்கும் பட்டியல் தெரியும் என்பதால் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை அதில் எழுத வேண்டாம்.

பட்டியலையே குறியீட்டுக்குள் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் யுனிகோடில் ‘மழைச்சட்டை’ என்ற ஒரு சொல்லே 30 பைட் இடம் பிடிக்கிறது. பட்டியல் நீள நீளக் குறியீட்டின் சிறு கட்டங்கள் பொடியாகி, மங்கலான வெளிச்சத்தில் கைத்தொலைபேசி அவற்றை வாசிக்கத் திணறும். இணைப்பை வைத்தால், நாளை ஒரு பொருளை எடுத்தாலும் ஆவணத்தைத் திருத்தினால் போதும், லேபிளை மாற்ற வேண்டியதில்லை. பார்ப்பதற்கு இணையம் வேண்டும் என்பதே இதிலுள்ள குறை. ஆகவே அவசரத்துக்குத் தேவையான இரண்டு மூன்று பொருட்களின் பெயரை லேபிளிலேயே அச்சிடுங்கள்.

அடுத்து, குறியீடு உருவாக்கும் இணையத்தளம் ஒன்றில் இணைப்பை ஒட்டி, இணைப்பை நேரடியாகக் குறியீட்டிலேயே பதிக்கும் ‘ஸ்டற்றிக்’ (Static) வகையைத் தெரிவுசெய்யுங்கள். ‘டைனமிக்’ வகை அந்தத் தளத்தின் வழியாகவே திறப்பதால், உங்கள் கணக்கு காலாவதியானால் லேபிளும் பயனற்றுப் போகலாம். பிழைதிருத்த அளவு கேட்டால் ‘கியூ’ (Q) என்பதைக் கொடுங்கள். குறியீட்டில் ஏறத்தாழ 25 சதவீதம் சேதமானாலும் வாசிக்க முடியும்.

வேர்ட்டில் ஏ4 தாளில் 3 நிரல், 5 நிரையாக அட்டவணை போட்டு, கட்டம் ஒவ்வொன்றிலும் 3 சென்ரிமீற்றர் அகலத்தில் குறியீட்டையும் அருகில் பெட்டி எண்ணைப் பெரிதாகவும் வையுங்கள். குறியீட்டைச் சுற்றி, குறியீட்டுக்குள் உள்ள சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெள்ளை இடம் கட்டாயம் வேண்டும்.

ஒரு லேபிளை மட்டும் அச்சிட்டு, ஸ்கேன் செய்து பார்த்த பின்பே மற்றவற்றை அச்சிடுங்கள். இன்க்ஜெட் மை ஈரத்தில் கரையக்கூடும் என்பதால் லேசர் அச்சே நல்லது. மேலே ஒளி தெறிக்காத செலோரேப்பைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். லேபிளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால், இரண்டு மூடிகள் மாறிய அன்றே இரண்டு பெட்டிகளின் பட்டியலும் பிழையாகிவிடும்.