நேஷனல் கார்டு சிப்பாய் விமானி ஆவது எப்படி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

அமெரிக்காவின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் சிப்பாயாகச் சேர்ந்து, மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்குச் சுமார் 2 வாரமும் பணி செய்கிறீர்கள். இப்போது விமானம் ஓட்ட ஆசை வந்துவிட்டது. வழி இருக்கிறது. ஆனால் பதவி உயர்வு மாதிரி அது தானாகத் தேடி வராது. தனியாக விண்ணப்பித்து, தேர்வு எழுதி, குழுவின் முன் உட்கார்ந்து வாங்க வேண்டிய இடம் அது.

பலர் தோற்பது திறமைக் குறைவால் அல்ல, வரிசையை மாற்றிச் செய்வதால். 2 ஆண்டு படித்து, பரிந்துரைக் கடிதங்கள் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகு கண் பரிசோதனையில் நின்றுவிடுவார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

கார்டுக்குள் இரண்டு படைகள் உண்டு: ஆர்மி நேஷனல் கார்டு, ஏர் நேஷனல் கார்டு. விமானி ஆகும் வழி இரண்டிலும் அடியோடு வேறு.

ஆர்மி கார்டில் பெரும்பாலும் ஹெலிகாப்டர். அங்கே வாரண்ட் ஆபீசராக, அதாவது சிப்பாய்க்கும் கமிஷன் பெற்ற அதிகாரிக்கும் இடைப்பட்ட தொழில்நுட்ப அதிகாரியாக, விமானி ஆகலாம், அதற்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் போதும். பட்டம் இல்லாத சிப்பாய்க்கு அமெரிக்க ராணுவத்தில் விமானி இருக்கைக்கு இதைவிட நேரான பாதை வேறில்லை. வாரண்ட் ஆபீசரின் வேலையே பறப்பதுதான். கமிஷன் பெற்ற (லெப்டினன்ட் முதல் மேலே உள்ள) அதிகாரிகளும் பறப்பார்கள், ஆனால் பதவி ஏற ஏற நிர்வாகம் அவர்களை மேசைக்கு இழுத்துவிடும். பறப்பதே குறி என்றால் வாரண்ட் வழிதான் சரி.

ஏர் கார்டில் விமானி என்றால் கமிஷன் பெற்ற அதிகாரி மட்டுமே. இளநிலைப் பட்டம் கட்டாயம். எந்தத் துறைப் பட்டமும் ஏற்கப்படும். மதிப்பெண் சராசரியைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். பட்டம் முடிக்காதவர்கள் கார்டு தரும் கல்வி உதவித்தொகையை இன்றே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

ஆர்மியிலிருந்து ஏர் கார்டுக்கோ, வேறு மாநிலத்துக்கோ மாற வேண்டுமானால் உங்கள் தற்போதைய பிரிவு டி.டி. 368 என்ற படிவத்தில் விடுவிப்புக்கு ஒப்புதல் தர வேண்டும். இந்தக் கையெழுத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், முன்கூட்டியே கேளுங்கள்.

படி 2: குடியுரிமையும் வயதும்

கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம். ஆனால் வாரண்ட் ஆபீசரோ கமிஷன் அதிகாரியோ ஆக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பணியில் இருக்கும்போதே குடியுரிமைக்கு என்-400 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கூடவே, உங்கள் சேவை கௌரவமானது என்று பிரிவு சான்றளிக்கும் என்-426 படிவமும் வேண்டும். ராணுவ சேவையின் பேரில் விண்ணப்பித்தால் கட்டணம் கிடையாது.

வயது: ஆர்மி வாரண்ட் விமானிக்கு 33 நிறைவதற்குள் தேர்வாக வேண்டும். ஏர் கார்டில் 33 வயதுக்குள் விமானிப் பயிற்சி தொடங்க வேண்டும். தேர்வான பிறகும் பயிற்சித் தேதிக்கு ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேரலாம். ஆகவே உங்கள் கணக்கில் வயதோடு 2 ஆண்டைக் கூட்டிப் பாருங்கள். 31 வயதில் முதல் விண்ணப்பம் போடுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு அநேகமாக இருக்காது.

படி 3: எல்லாவற்றுக்கும் முன் கண்ணும் உடம்பும்

ராணுவப் பரிசோதனைக்குப் போகும் முன், வெளியே ஒரு கண் மருத்துவரிடம் போய் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு விஷயங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று, கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்கும் முறை. இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் தசை சுருங்கி, லென்ஸைத் தடிக்கச் செய்து குறையைச் சரிக்கட்டிவிடும்; அதனால் சாதாரணப் பரிசோதனையில் பவரே இல்லாதது போலத் தெரியும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர்த்தியதும் மறைந்திருந்த பிளஸ் பவர் வெளியே வரும். ராணுவம் இப்படித்தான் பார்க்கும். ‘கண்ணாடியே போடாத எனக்கு எப்படிக் கண்ணில் குறை வந்தது’ என்று திகைப்பவர்களுக்கு விடை இதுதான்.

இரண்டு, நிறப் பார்வை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். விமானப்படையில் இதில் தவறினால் விலக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

எண்களைப் பார்ப்போம். ஆர்மி விமானிகளுக்கான 1ஏ வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணும் குறைந்தது 20/50 (சாதாரணக் கண் 50 அடியில் படிப்பதை 20 அடியில் படிக்கும் பார்வை) இருக்க வேண்டும், கண்ணாடியோடு 20/20. பவர் வரம்பு மைனஸ் 1.50, பிளஸ் 3.00, சிலிண்டர் 1.00. ஏர் கார்டின் முதல் வகுப்புப் பரிசோதனையில் கண்ணாடி இல்லாமல் 20/70, கண்ணாடியோடு 20/20. கண்ணாடி போடுவது தடையே அல்ல. வரம்பைச் சற்றுத் தாண்டினாலும் விலக்கு கோரலாம்.

லேசர் சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், முதலில் உங்கள் பிரிவுத் தலைவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சைக்கு முந்தைய பவர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது, ஏனெனில் அந்தப் பழைய பவரையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

ஹெலிகாப்டர் இருக்கைக்கு உடல் அளவும் உண்டு. விரித்த இரு கைகளின் விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை குறைந்தது 164 செ.மீ.; தரையிலிருந்து கவட்டு உயரம் குறைந்தது 75 செ.மீ.; உட்கார்ந்த உயரம் அதிகபட்சம் 102 செ.மீ. வீட்டிலேயே சுவரோரம் நின்று அளந்துவிடலாம். கொஞ்சம் குறைந்தால், விமானி அறையிலேயே உட்காரவைத்துக் கட்டுப்பாடுகள் எட்டுகின்றனவா என்று சோதிக்கக் கேட்கலாம்.

13 வயதுக்குப் பிறகு வந்த ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, மயக்கம் ஆகியவை இருந்தால் பழைய மருத்துவ ஆவணங்களை இப்போதே திரட்டுங்கள். மறைக்காதீர்கள். மின்னணு மருத்துவப் பதிவுகள் வெளியே வந்துவிடும். அதன்பின் நோயைவிடப் பொய்தான் பெரிய தடை.

படி 4: தேர்வுகள்

ஆர்மி வழி: சேரும்போது எழுதிய தேர்வில் உங்கள் ஜி.டி. மதிப்பெண் 110 இருக்க வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது. குறைவாக இருந்தால் மறுபடி எழுதலாம். ஜி.டி. என்பது சொல்லறிவு, பத்தி வாசிப்பு, கணக்குப் புதிர் ஆகிய பகுதிகளிலிருந்து மட்டுமே வருவது. மின்சாரம், மோட்டார் வண்டி என்று மற்றப் பகுதிகளைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது ஆர்மி விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் சிஃப்ட் தேர்வு. மதிப்பெண் 20 முதல் 80 வரை, தேர்ச்சி 40. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்ட மறுபடி எழுத முடியாது. 41 எடுத்தால் வாழ்நாள் முழுக்க 41தான், தேர்வுக் குழு அதைத்தான் பார்க்கும். ‘ஒருமுறை எழுதிப் பார்க்கலாமே’ என்று போகாதீர்கள். எளிய வடிவங்கள் பகுதியில் 2 நிமிடத்தில் 100 கேள்வி. மறைந்த உருவங்கள் 5 நிமிடத்தில் 50. இவற்றை முழுவதும் முடிக்க வேண்டும் என்று பதறத் தேவையில்லை, வேகமும் சரியும்தான் முக்கியம். உழைப்பு பலன் தரும் இடம் ராணுவப் பறத்தல் பகுதி: 30 நிமிடத்தில் 40 கேள்வி. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. இணையத்தில் இலவசமாகத் தரும் ஹெலிகாப்டர் கையேட்டைக் கரைத்துக் குடித்தால் இதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். கணக்கும் இயந்திர அறிவும் கணினி தகவமைக்கும் பகுதிகள். சரியாகச் செய்யச் செய்யக் கேள்வி கடினமாகும். ‘கஷ்டமாகிக்கொண்டே போகிறதே’ என்று மனம் தளர வேண்டாம், அது நல்ல அறிகுறி.

ஏர் வழி: ஏ.எஃப்.ஓ.கியூ.டி. என்ற 12 பகுதித் தேர்வு, மொத்தம் 550 கேள்வி, ஏறத்தாழ 5 மணி நேரம். விமானி மதிப்பெண் நான்கு பகுதிகளிலிருந்து வருகிறது: கணித அறிவு, அட்டவணை வாசிப்பு, கருவி வாசிப்பு, விமான அறிவு. கருவி வாசிப்பில் 5 நிமிடத்தில் 25 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 12 விநாடி. செயற்கை அடிவானமும் திசைகாட்டியும் காட்டும் நிலையைப் பார்த்ததும் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். விமானிக்குக் குறைந்தபட்சம் விமானிப் பகுதியில் 25, மொழியில் 15, எண்ணில் 10. அது வாசல்படி மட்டுமே. தேர்வாகிறவர்கள் மிக மேலே இருப்பார்கள்.

அதன்பின் டிபாஸ் என்ற கணினித் தேர்வு, ஒரு கையில் குச்சி, காலடியில் பெடல். விமானி மதிப்பெண், டிபாஸ், நீங்கள் பறந்த மணிநேரம் மூன்றும் சேர்ந்து பி.சி.எஸ்.எம். என்ற 1 முதல் 99 வரையிலான ஒரே எண்ணாகும். அதனால்தான் பலர் தனியார் விமானி உரிமம் எடுக்கிறார்கள்; சட்டப்படி குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். ராணுவத்தினருக்கான கல்வி உதவியான ஜி.ஐ. பில் பணம் இதற்கு உதவும் என்று நம்பி இறங்காதீர்கள்: விமானப் பள்ளியில் தனியாக எடுக்கும் இந்த முதல் உரிமத்துக்கு அது கிடைக்காது, இதற்கு அடுத்த நிலைகளுக்குத்தான்.

படி 5: பிரிவைத் தேடுங்கள்

முழுநேர விமானப்படையில் எந்த விமானம் என்பது பயிற்சிக்குப் பிறகுதான் தெரியும். கார்டில் உங்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு குறிப்பிட்ட பிரிவு. அதன் விமானம்தான் உங்கள் விமானம். லூயிவில்லில் சி-130ஜே சரக்கு விமானம், மெம்ஃபிஸில் சி-17 சரக்கு விமானம், பிட்ஸ்பர்கில் வானில் எரிபொருள் நிரப்பும் கே.சி.-135, பர்லிங்டனில் எஃப்-35ஏ போர் விமானம். ஆர்மி கார்டில் பிளாக் ஹாக் போக்குவரத்து ஹெலிகாப்டர் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர் யூட்டா, தென் கரோலினா போன்ற சில மாநிலங்களில் மட்டும். அப்பாச்சிதான் கனவு என்றால் மாநிலத்தை முதலில் பாருங்கள்.

அந்தப் பிரிவுக்கு ட்ரில் (மாதப் பயிற்சி) நடக்கும் வார இறுதியில் நேரில் போங்கள். முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேட்டுப் போவது வழக்கம். விமானிகள் பார்ப்பது ஒன்றைத்தான்: இவரோடு 10, 20 ஆண்டு ஒரே விமானி அறையில் உட்கார முடியுமா? சிப்பாயாக இருக்கும் உங்களுக்கு இங்கே வெளியாட்களுக்கு இல்லாத பலம் இருக்கிறது. பராமரிப்புக் குழுவில் இருந்தால், நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று விமானிகள் ஏற்கெனவே அறிவார்கள். அதே காரணத்தால் ட்ரில்லுக்குத் தாமதமாக வந்த நாட்களும் அவர்களுக்குத் தெரியும்.

படி 6: பேக்கட்

விண்ணப்பக் கட்டை அங்கே எல்லோரும் பேக்கட் என்றே சொல்வார்கள். ஆர்மியில் மாநிலத்தின் வாரண்ட் ஆபீசர் சேர்ப்பாளரிடம் தொடங்குங்கள். டி.ஏ. 61 விண்ணப்பம், தேர்வு மதிப்பெண், ஆர்மி விமானப் பயிற்சி மையமான ரக்கர் தளம் ஒப்புதல் முத்திரை இட்ட மருத்துவ அறிக்கை, தன்விவரம், கடிதங்கள். கடிதங்களில் ஒன்றாவது மூத்த வாரண்ட் விமானியிடமிருந்து இருக்கட்டும். உங்களை அறியாத கர்னலின் கடிதத்தைவிட, உங்களோடு பேசிப் பழகிய ஒரு வாரண்ட் விமானியின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப்.-86 படிவத்தில் வெளிநாட்டு உறவினர்களைக் கேட்பார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ள பெற்றோர், உடன்பிறந்தோர், அங்குள்ள சொத்து, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். உறவினர் இருப்பது குற்றமல்ல, விட்டுவிடுவதுதான் சிக்கல்.

நேர்காணலில் பதில் தயாராக இருக்க வேண்டிய கேள்வி: ஏன் எங்கள் பிரிவு? ‘எனக்குப் பறக்கப் பிடிக்கும்’ என்பது இதற்குப் பதிலாகாது. அந்தப் பிரிவு என்ன பணி செய்கிறது, நீங்கள் அருகில் குடியிருப்பீர்களா, எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தேர்வாகாவிட்டால் எது குறைந்தது என்று கேட்டு, அடுத்த ஆண்டு அதே குழுவின் முன் போங்கள். பலர் இரண்டாம், மூன்றாம் முறையில்தான் தேர்வாகிறார்கள்.

படி 7: பயிற்சி

ஆர்மி வழியில் எல்லாம் அலபாமாவின் ரக்கர் தளத்தைச் சுற்றித்தான். 2023 முதல் 2025 வரை அதற்கு நோவோசெல் என்று பெயர், பழைய பக்கங்களில் அப்படியும் பார்ப்பீர்கள். வாரண்ட் ஆபீசர் பள்ளி, தண்ணீரில் கவிழும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறும் பயிற்சி, எதிரி கையில் சிக்கினால் தாக்குப்பிடிக்கும் பயிற்சி, யு.எச்.-72 லகோட்டாவில் அடிப்படைப் பறத்தல், பிறகு உங்கள் பிரிவின் ஹெலிகாப்டர். இடையில் வகுப்புக்குக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்தால் ஒன்றரை முதல் 2 ஆண்டு.

ஏர் வழியில் முதலில் மாண்ட்கமரியின் மேக்ஸ்வெல் தளத்தில் அதிகாரிப் பள்ளி. பிறகு கொலம்பஸ், லாஃப்லின், வான்ஸ், ஷெப்பர்ட் தளங்களில் ஒன்றில் ஏறக்குறைய ஓர் ஆண்டு விமானிப் பயிற்சி. தொடக்கம் டி-6 டெக்சனில். அதன்பின் உங்கள் விமானத்துக்கான பள்ளி: சி-130 என்றால் லிட்டில் ராக், கே.சி.-135, சி-17 என்றால் ஆல்டஸ்.

டி-6இல் முதல் வாரங்களில் வாந்தி வருவது சகஜம். ஒளிக்காமல் விமான மருத்துவரிடம் சொன்னால் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து உடலைப் பழக்குவார்கள், பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். ஒளித்தால் கவனம் சிதறிப் பறத்தல் மதிப்பெண் சரியும். மதிப்பெண் சரிந்த பிறகு காரணம் சொல்வது கடினம். அடுத்துப் பலர் இடறும் இடம், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறத்தல். அவசரநிலை நடவடிக்கைகளை வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பொருள் புரிந்தால் போதும் என்று விடாதீர்கள். ஒரு சொல் மாறினாலும் அன்றைய பறத்தல் ரத்தாகலாம்.

கையெழுத்திடும் முன் கடமைக் காலத்தையும் பாருங்கள். விமானப்படையில் விமானிப் பயிற்சி முடித்த நாளிலிருந்து 10 ஆண்டு. ஆர்மியிலும் 2020 அக்டோபர் முதல் 10 ஆண்டு. முன்பு 6 ஆக இருந்தது.

வெளியே வேலை பார்ப்பவர்கள், தேர்வுக் கடிதம் வந்த அன்றே முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1994ஆம் ஆண்டின் யுசெரா சட்டம், பயிற்சி முடிந்து திரும்பும்போது வேலையைத் திரும்பக் கேட்கும் உரிமையைத் தருகிறது. முன்னறிவிப்பு கொடுத்திருப்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. திரும்பி வந்த பிறகும் மாத ட்ரில்லோடு வேலை முடியாது. திறன் மங்காமல் இருக்க வார நாட்களிலும் மாலைகளிலும் கூடுதல் பறத்தல் நேரங்கள் இருக்கும். அவற்றையும் சேர்த்து ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் வேண்டியிருக்கும் என்பதை அதே பிரிவின் பகுதிநேர விமானி ஒருவரிடம் கேட்டு, அந்த எண்ணை முதலாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.