ஃபார்மட் போடும் முன்: பழைய சிஸ்டம், பழைய சாஃப்ட்வேர்

பழைய கம்ப்யூட்டரை யாரும் ஆசைப்பட்டு வைத்திருப்பதில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்காய் மண்டியில் எடை, கமிஷன், கிரேட் வாடகை எல்லாம் கணக்குப் போட்டு பில் அடிக்கும், ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய புரோகிராம் ஒன்று இருக்கும். தருமபுரி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 இருக்கும். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே என்று தெரியாது, சிடியையும் காணோம். அதனால் பெட்டி பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரியில் என்னிடம் ரிப்பேருக்கு வருவதில் பாதி இந்த மாதிரிப் பெட்டிகள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “ஃபார்மட் போட்டுடலாம்ணா, புதுசாயிடும்” என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். சிடி இல்லாத பில்லிங் புரோகிராம் போனால் போனதுதான்.

ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. பெட்டி ஆன் ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கன்வெர்ட்டரில் போட்டு வேறு சிஸ்டத்தில் திறங்கள். பட்டைக் கேபிள் போகும் பழைய ஐடிஇ டிஸ்க்குக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை முழுசாக எடுக்க வேண்டும். டேட்டா இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டு இண்டெக்ஸையும் மெமோ ஃபைலையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மெமோ இல்லாவிட்டால் அந்த டேபிளே திறக்காது. அச்சகம் என்றால் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். அதற்கப்புறம் குளோன்சில்லா என்ற சாஃப்ட்வேர் வைத்து டிஸ்க் முழுவதையும் இமேஜாக, அதாவது அச்சு அசல் நகலாக எடுத்து வையுங்கள். டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் வந்தால், டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கை மணிக்கணக்கில் உழவைத்தால் சீக்கிரம் செத்துவிடும். நகல் கையில் வந்த பிறகு செக்டிஸ்க் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பெட்டி எப்போது தானாக நிற்கிறது என்று கவனியுங்கள். ஆன் பண்ணிக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் பெரும்பாலும் சூடு. இங்கே கிரானைட் பட்டறைகளைச் சுற்றியிருக்கும் கடைகளில், பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் இடுக்கில் வெள்ளை மாவு கெட்டியாக அடைத்துக்கொண்டு காற்று போக வழியே இருக்காது. பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து புளோயர் அடியுங்கள். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. பிராசசரில் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு புதுசு வையுங்கள். போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-களின் முற்பாதியில் வந்த போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர் நிறைய. தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்றாமல் வேறு வழியில்லை.

பக்கத்தில் மோட்டார் போடும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறதா? யுபிஎஸ் பேட்டரியையும், பெட்டிக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயர் 11.4-க்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவில், சிவப்பு 4.75-க்கும் 5.25 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போது பார்த்தால் போதாது, வேலை ஓடும்போது பாருங்கள். நேரம் காலம் இல்லாமல் நின்றால் ரேம். கழற்றி, தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்து, துடைத்துத் திரும்பப் போடுங்கள். ராத்திரி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட விட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

மண்டிக்காரர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. சித்திரையில் கடை திறக்கும்போது பெட்டியை ஆன் பண்ணுவார்கள், விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை வரும். ஆடியில் மூடும்போது நன்றாக ஓடியதுதான். டிஸ்க் போச்சு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பார்த்தால் காசு அளவு இருக்கும் சிஆர் 2032 பேட்டரி காலியாகியிருக்கும். பிளக் சொருகியிருக்கும் வரை போர்டின் கடிகாரம் கரண்ட்டில் ஓடும். பிளக்கைப் பிடுங்கி மாதக்கணக்கில் சும்மா வைத்தால் பேட்டரியைத் தின்னும். பேட்டரி போனதும் தேதி பின்னால் போகும், கூடவே பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்பும். சில போர்டுகளில், டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையான சாட்டா மோடு ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாறிவிடும். அதற்கான டிரைவர் எக்ஸ்பியில் இருக்காது, அதனால் பூட் ஆகாது. திரையில் ஸ்டாப் கோடு, அதாவது பிழை எண், 7பி என்று முடியும். புது பேட்டரி போட்டு, பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டாவை ஐடிஇ-க்கு மாற்றினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துகொள்ளும். தேதியைச் சரிபார்க்காமல் பில் போட ஆரம்பித்தால் அந்த சீசன் கணக்கு 2002-ல் போய் உட்காரும். அதைத் திருத்துவதுதான் பெரிய தலைவலி.

நீலத்திரையைப் படிக்கவே நேரம் கிடைக்காமல் ரீஸ்டார்ட் ஆனால், எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டாப் கோடு 24 அல்லது 7ஏ வந்தால் டிஸ்க் அல்லது கேபிள் பக்கம் போங்கள். 1ஏ, 50 என்றால் முதலில் ரேம். டி1 வந்தால் பெரும்பாலும் டிரைவர். கீழே ‘சிஸ்’ (.sys) என்று முடியும் ஃபைல் பெயர் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, சேஃப் மோடில் போய் கடைசியாகப் போட்ட டிரைவரை எடுத்துவிடுங்கள்.

பெட்டி உண்மையிலேயே முடிந்துவிட்டது, புதுசுக்கு மாறியே ஆக வேண்டும் என்றால், உங்கள் சாஃப்ட்வேர் எத்தனை பிட் என்று பாருங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. கம்பேட்டிபிலிட்டி மோடு போட்டும் பயனில்லை. 32 பிட் விண்டோஸ் 10 வரை அதற்கு வழி உண்டு. விண்டோஸ் 11-ல் 32 பிட்டே கிடையாது. புது விண்டோஸுக்குள் டாஸ் புரோகிராம் ஓட்டும் டாஸ்பாக்ஸ், கேம் ஆடச் செய்தது. பில் அடிக்க வேண்டுமென்றால் பிரிண்டர் வசதியுள்ள டாஸ்பாக்ஸ் எக்ஸ் அல்லது விடாஸ் பாருங்கள். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி போட்டு அதற்குள் ஓட்டுவதுதான் நிம்மதி. பழைய டிஸ்க்கையே டிஸ்க்டுவிஹெச்டி மூலம் விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றிக்கொண்டால் புதிதாக இன்ஸ்டால் பண்ணும் வேலைகூட இல்லை. ஆனால் அந்த டிஸ்க் உள்ளே பூட் ஆகும்வரை கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டாஸ் புரோகிராம் பில் அடிக்க எல்பிடி1-ஐத்தான், அதாவது பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்டைத்தான் தேடும். புது டாட் மேட்ரிக்ஸில் யுஎஸ்பி மட்டும் இருந்தால், பிரிண்டரை ஷேர் பண்ணி, நெட் யூஸ் (net use) கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிடுங்கள். பழைய லாக், அதாவது காப்பி அடிப்பதைத் தடுக்க பேரலல் போர்ட்டில் சொருகும் டாங்கிள் வைத்த சாஃப்ட்வேர் என்றால் கதை வேறு. யுஎஸ்பி டு பேரலல் கேபிள் பிரிண்டருக்குத்தான் ஆகும், லாக்குக்கு ஆகாது. உண்மையான பேரலல் போர்ட் உள்ள போர்டைத் தேடுங்கள்.

32 பிட் புரோகிராம் என்றால் பாதி பிரச்சினை இன்ஸ்டால் பண்ணும் இடத்தில்தான். பழைய சாஃப்ட்வேர் தன் டேட்டாவைத் தன் ஃபோல்டரிலேயே எழுதும். புரோகிராம் ஃபைல்ஸில் போட்டால், விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ் அதை அனுமதிக்காமல், சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். ஒரு யூசரில் போட்ட பில் இன்னொரு யூசரில் தெரியாமல் போவது இதனால்தான். சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே இன்ஸ்டால் பண்ணுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டியில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தேர்ந்தெடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பாருங்கள்.

அச்சகத்துக்காரர்களுக்கு: வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோடு எழுத்து பேஜ்மேக்கருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டினால் குப்பையாகத்தான் வரும்; கன்வெர்ட்டரில் போட்டு உங்கள் ஃபாண்ட்டின் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-ல் ஃபாண்ட் போடும்போது எல்லா யூசருக்கும் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் உங்கள் யூசருக்குள் மட்டும் போய் உட்காரும், சில பழைய புரோகிராம்களின் கண்ணில் அது படாது.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் ஆதரவு நின்றுவிட்டது. அந்தப் பெட்டியில் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பில் அடிக்க நெட் எதற்கு? பென் டிரைவும் ஒன்றே ஒன்று, அந்தப் பெட்டிக்கென்று தனியாக.

உதிரி பாகத்துக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு போகிறவர்கள் பழைய ஐடிஇ டிஸ்க் வாங்காதீர்கள்; அது ஏற்கெனவே யாருக்கோ உழைத்து ஓய்ந்தது. ஐடிஇ டு சாட்டா கன்வெர்ட்டர் வாங்கி, சின்ன சாட்டா டிஸ்க் ஒன்றில் உங்கள் இமேஜை இறக்கிப் போடுங்கள். உங்களுடையது போலவே ஒரு மதர்போர்டு மலிவாகக் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் அங்கேயே ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.