'லைட்டா' தெரிவதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

லைட்டா வலிக்குது, லைட்டா கீறல் விழுந்திருக்கு, லைட்டா வாடை வருது. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'லைட்டா' போதும். அதையே தூக்கிக்கொண்டு போய் 'லைட் பெயின்', 'லைட் ஃபீவர்' என்றால் ஆங்கிலத்தில் எடுபடாது.

முதலில், லேசாக இருப்பது எது என்று பாருங்கள். வலி, காய்ச்சலுக்கு 'மைல்ட்' அல்லது 'ஸ்லைட்'. மங்கலாக எட்டும் கோடு, சத்தம், வாடைக்கு 'ஃபெயிண்ட்'. சுவரில் முடி மாதிரி ஓடும் விரிசல் 'ஹேர்லைன் க்ராக்'. வெள்ளையில் மஞ்சள் தட்டினால் 'எ டிஞ்ச் ஆஃப் யெல்லோ'.

பாயசத்தில் ஏலக்காய் மணம் எட்டிப் பார்த்தால் 'எ ஹிண்ட் ஆஃப் கார்டமம்'. 'ட்ரேஸ்' வேறு, அது ஒட்டிக்கொண்ட மிச்சம். பிஸ்கட் பாக்கெட்டில் 'மே கன்டெயின் ட்ரேசஸ் ஆஃப் நட்ஸ்' என்றிருந்தால், முந்திரி போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். துணுக்கு கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை அது.

'ஸ்லைட் டிஃபரன்ஸ்' அளவில் சின்னது. 'சட்டில் டிஃபரன்ஸ்' கவனித்தால்தான் பிடிபடும். சட்டிலில் 'பி' எழுத்தோடு சரி, வாயில் வராது.

பலரும் வழுக்கி விழுவது 'ஹார்ட்லி'யில்தான். 'ஐ கான்ட் ஹார்ட்லி ஸீ இட்' தவறு. 'ஐ கேன் ஹார்ட்லி ஸீ இட்' சரி. 'அவ்வளவாத் தெரியல' என்று தமிழில் வினையிலேயே 'இல்லை' வந்துவிடுவதால், ஆங்கிலத்திலும் நாக்கு ஒரு 'நாட்' தேடுகிறது. ஹார்ட்லிக்குள்ளேயே அது இருக்கிறது. 'ஐ லுக்ட் ஹார்ட்' என்றால் உற்றுப் பார்த்தேன்; 'ஐ ஹார்ட்லி லுக்ட்' என்றால் பார்த்ததாகவே சொல்ல முடியாது. 'பேர்லி விசிபிள்' என்றால் தெரிகிறது, ஆனால் தெரிந்தும் தெரியாமலும்.

கடைசியாக, எப்படிப் பார்த்தால் தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஃபோனைத் திருப்பி அனுப்பும் மெயில் இப்படிப் போகலாம்: 'தேர் இஸ் எ ஃபெயிண்ட் ஸ்க்ராட்ச் நியர் த கேமரா. இட் ஷோஸ் ஒன்லி வென் யூ டில்ட் த ஃபோன்.' இரண்டாவது வரி இல்லாவிட்டால், நேராக வைத்துப் பார்த்துவிட்டு 'கீறலே இல்லையே' என்பார்கள்.

ஆங்கிலம்-தமிழ் அகராதி மட்டும் இதற்குப் போதாது. இவற்றில் பலவற்றுக்கும் 'லேசான' என்றே போட்டிருக்கலாம். எந்தச் சொல்லோடு எது சேரும் என்று காட்டும் கலொகேஷன் அகராதிதான் சரி.

பின்சேர்க்கை: 'இம்பெர்செப்டிபிள்' கெத்தாக இருக்கிறதே என்று போடாதீர்கள். புலப்படவே புலப்படாதது என்று அர்த்தம். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றால் முன்னால் ஒரு 'ஆல்மோஸ்ட்' வேண்டும்.