வேலூர் வீட்டில் மெக்சிகோவின் சுதந்திர இரவு

முதலில் தேதி. மே 5 என்று நினைத்து ஏற்பாடு செய்துவிடாதீர்கள், அது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16, கொண்டாட்டம் மட்டும் 15ஆம் தேதி இரவே தொடங்கிவிடும்.

1810 செப்டம்பர் 16 விடியற்காலையில் தொலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகெல் இதால்கோ கோயில் மணியை அடித்து ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைக் கூப்பிட்டார். மறு வருடமே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், விடுதலை கிடைத்தது 1821இல்தான், ஆனாலும் மெக்சிகோக்காரர்கள் பெரிதாகக் கொண்டாடுவது அந்த முதல் குரலைத்தான். நம் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10, அதற்கு நான்கே வருடம் முன்பு. வந்தவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், வேலூரில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

மொட்டை மாடியில் பச்சை, வெள்ளை, சிவப்புக் காகிதத் தோரணம் போதும். கொடி வைத்தால் பட்டைகள் செங்குத்தாக, பச்சை கம்பத்தை ஒட்டி வர வேண்டும்.

சாப்பாட்டுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அன்றைக்கு ஏற்றது சீலெஸ் என் நோகாதா, கொடியின் மூன்று நிறமும் தட்டில் இருக்கும். அங்கே பொப்லானோ மிளகாய், நாம் பச்சைக் குடைமிளகாயை அடுப்புத் தீயில் தோல் கருகச் சுட்டு, மூடி வைத்து, உரித்துக்கொள்ளலாம். கொத்துக்கறியோடு ஆப்பிள், பேரிக்காய், உலர் திராட்சை, பாதாம் போட்டு வதக்கி உள்ளே அடைத்து, மேலே வால்நட் சாஸை ஊற்றி, மாதுளை முத்தும் கொத்தமல்லியும் தூவுங்கள். வால்நட்டை ஊறவைத்துத் தோலை உரித்த பிறகே பால், பனீரோடு அரையுங்கள், சோம்பல்பட்டால் சாஸ் கசக்கும். சூடாக்க வேண்டாம், ஆறியே பரிமாறுவார்கள்.

சரி, இரவு 11 மணிக்கு மணி அடிக்க வேண்டும், பூஜையறைக் கைமணியே போதும். ஒருவர் இதால்கோ, மொரெலோஸ், ஹொசெஃபா ஒர்தீஸ் என்று விடுதலைப் போராட்டத் தலைவர்களைப் பெயர் பெயராகச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'விவா!' (வாழ்க) என்று கத்த வேண்டும், கடைசியில் மூன்று முறை 'விவா மெஹிகோ!' மெக்சிகோ என்று கத்தாதீர்கள், அவர்கள் வாயில் அது மெஹிகோதான்.

அப்புறம் தூங்கி எழுந்து, 16ஆம் தேதி காலை 10:30க்கு நேரலையைப் போடுங்கள், அங்கே அப்போதுதான் 15ஆம் தேதி இரவு 11. தேசிய மாளிகை மாடத்தில் குடியரசுத் தலைவர் மணியடிப்பார், கீழே சொகாலோ சதுக்கம் நிறைந்திருக்கும், இந்த முறை நீங்களும் அவர்களோடு சேர்ந்து கத்தலாம்.