60 வீதம் பெரிதா, 28 வீதம் பெரிதா? அமெரிக்கக் கல்லூரியின் விளையாட்டுப் புலமைப்பரிசில் கடிதத்தைப் படிப்பது எப்படி

போன வருடம் அக்கா மகளுக்கு ஒரே வாரத்தில் அமெரிக்காவில் இருந்து இரண்டு கல்லூரிகளின் கடிதங்கள் வந்தன. அவள் நீச்சல்காரி. ஒரு கடிதத்தில் 60 வீதப் புலமைப்பரிசில் என்று இருந்தது. மற்றதில் வீதமே இல்லை, 9,000 டொலர் விளையாட்டு உதவி என்று மட்டும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மொத்தச் செலவில் 28 வீதம்தான் வரும். வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் 60 வீதக் கடிதத்தைத்தான் சுற்றி நின்றோம். அத்தான் அதைப் படம் எடுத்து குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அமர்ந்து ஒழுங்காகக் கணக்குப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 60 வீதக் கல்லூரிக்கு நாங்கள் கட்ட வேண்டிய தொகை மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓடுகிற, நீந்துகிற, பந்து அடிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கடிதம் வருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: உங்கள் விளையாட்டு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்

இங்கே பலருக்கு முதல் ஏமாற்றம் இதுதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் போட்டிகளில் கிரிக்கெட் இல்லை. வலைப்பந்து இல்லை. பட்மின்டனும் இல்லை. பாடசாலை முதல் பதினொருவர் அணியில் நாலு வருடம் ஆடிய பையன் என்றாலும் அந்த வழியாக உதவி கிடைக்காது. தடகளம், நீச்சல், டென்னிஸ், கால்பந்து, கூடைப்பந்து, கோல்ப் இருக்கின்றன. கரப்பந்து நம் தேசிய விளையாட்டு என்றாலும் அங்கே அது பெரும்பாலும் பெண்கள் விளையாட்டு. ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு.

படி 2: கல்லூரி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள்

என்.சி.ஏ.ஏ.யில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் பிரிவும் இரண்டாம் பிரிவும் விளையாட்டுக்காகப் பணம் தரலாம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று ஒரு சதம் கூடத் தருவதில்லை. படிப்புக்காகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ தரும் உதவி மட்டும் அங்கே கிடைக்கும். முதல் பிரிவிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுப்பதில்லை.

இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பில் பெரும்பாலும் சிறிய கல்லூரிகள் இருக்கின்றன, அவையும் தரும். இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. என்று தனி அமைப்பு உண்டு. அதன் முதல் பிரிவில் விடுதி, சாப்பாடு வரை தரலாம். இரண்டாம் பிரிவில் கல்விக் கட்டணமும் புத்தகமும்தான்.

படி 3: "முழு" என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

முழுப் புலமைப்பரிசில் என்றால் கல்விக் கட்டணம், கல்லூரியின் கட்டாயக் கட்டணங்கள், விடுதி, சாப்பாடு, புத்தகங்கள். 2015 முதல் என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவில் இதற்கு மேலும் தர வழி வந்தது. வீட்டுக்குப் போய் வரும் செலவு, கைச்செலவு எல்லாம் சேர்த்து, அந்தக் கல்லூரியில் ஒரு வருடம் படிக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கல்லூரியே போட்ட கணக்கு வரை கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நன்றாகப் படிப்பவர்களுக்கு வருடத்துக்கு 5,980 டொலர் வரை தனியாகவும் தரலாம். இங்கெல்லாம் "தரலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை.

முழுப் புலமைப்பரிசில் பெறுபவர்கள் குறைவு. பெரும்பாலான விளையாட்டுகளில் பயிற்றுநர் கையில் ஒரு தொகை இருக்கும், அதை அணிக்குள் பிரித்துக் கொடுப்பார். இரண்டாம் பிரிவில் ஆண்கள் தடகள அணி ஒன்றுக்கு 12.6 முழுப் புலமைப்பரிசில்களின் பெறுமதிதான் உச்சம், நீச்சலுக்கு 8.1. அதை இருபது முப்பது பேருக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு எவ்வளவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு வழக்கு இணக்கத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு இந்தப் புலமைப்பரிசில் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. அணியில் உள்ள எல்லோருக்கும் கொடுக்க இப்போது அனுமதி உண்டு. பணம் உண்டா என்பது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது.

படி 4: ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் பதிவில் எதைத் தாண்டினாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். அக்கா வீட்டில் கொப்பித் தாளில் நடுவே ஒரு கோடு கிழித்து, இரண்டு கல்லூரிகளையும் இரண்டு பக்கம் எழுதினோம்.

முதலாவது தனியார் கல்லூரி. கல்விக் கட்டணம் 38,000 டொலர். விடுதியும் சாப்பாடும் 14,000. புத்தகம் 1,200. பயணம், கைச்செலவு 4,000. மொத்தம் 57,200. இதில் 60 வீதம் என்றால் 34,000க்கு மேல் வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடிதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான் "கல்விக் கட்டணத்தில்" என்ற சொல் கண்ணில் பட்டது. 38,000இல் 60 வீதம் 22,800. நாங்கள் கட்ட வேண்டியது 34,400 டொலர்.

இரண்டாவது ஒரு மாநிலக் கல்லூரி. கல்விக் கட்டணம் 17,000, விடுதியும் சாப்பாடும் 11,000, புத்தகம் 1,000, மற்றவை 3,500. மொத்தம் 32,500. விளையாட்டுக்கு 9,000. அதோடு, உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து படிப்புக்கென்று இன்னொரு 6,000 கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் யாருமே அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. மிச்சம் 17,500.

டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஒரு பக்கம் வருடத்துக்கு ஒரு கோடியே 3 இலட்சம், மற்றப் பக்கம் 52 இலட்சத்து 50 ஆயிரம். அத்தான் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே கடிதம் வந்ததும் பயிற்றுநருக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். இந்த வீதம் எதன் வீதம்? படிப்புக்கான உதவியையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை டொலர்? முதல் வருடம் எங்கள் கையில் இருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? இதைக் கேட்டால் கோபிப்பார்களோ என்று அக்கா பயந்தாள். மறுநாளே ஒழுங்கான பதில் வந்தது. அவர்களுக்கு இது தினமும் கேட்கும் கேள்வி.

படி 5: கடிதத்தில் இல்லாத செலவுகளை எழுதுங்கள்

விசாவுக்கு 185 டொலர், அதற்கு முன் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர். விமான டிக்கெட். முதல் குளிருக்கு உடுப்பு. நத்தார் விடுமுறையில் விடுதி மூடினால் தங்க இடம். கோடையில் ஒரு பாடம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம். புலமைப்பரிசில் பெரும்பாலும் ஆவணியில் தொடங்கி சித்திரை, வைகாசியில் முடியும் கல்வியாண்டுக்குத்தான்.

மருத்துவக் காப்புறுதியைக் கட்டாயம் கேளுங்கள். பயிற்சியிலோ போட்டியிலோ அடிபட்டால் அதற்குக் காப்புறுதி இருப்பதைக் கல்லூரி உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் காய்ச்சல், பல்வலி அதில் வராது. வெளிநாட்டு மாணவர்களைப் பல கல்லூரிகள் தங்கள் காப்புறுதித் திட்டத்தில் கட்டாயமாகச் சேர்க்கும். அந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வரி. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் கிடைக்கும் உதவிக்கு அமெரிக்காவில் வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கிடைப்பதற்கு வரி உண்டு. நம் பிள்ளைகள் போன்று எப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களிடம் பொதுவாக அந்தப் பகுதியில் 14 வீதம் பிடிப்பார்கள். விடுதியும் சாப்பாடும் 11,000 டொலருக்கு இலவசமாகக் கிடைத்தால், 1,540 டொலர் கல்லூரிக் கணக்கில் கட்டணமாக வந்து நிற்கும். முழுப் புலமைப்பரிசில் கிடைத்த பிள்ளைகள் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

படி 6: எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள்

பல கடிதங்கள் ஒரு கல்வியாண்டுக்கு மட்டும்தான். அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கவில்லை என்றாலோ குறைத்தாலோ ஜூலை 1ஆம் திகதிக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், மேன்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. 2012 முதல் முதல் பிரிவில் பல வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்த காலத்துக்குள் காயம்பட்டார், நீந்தும் நேரம் குறையவில்லை என்பதற்காக முதல் பிரிவில் பணத்தை வெட்ட முடியாது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தப் பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது: விளையாட்டில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவை, மாணவர் கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது இரண்டு வருடம் பார்க்க வேண்டும்.

படி 7: பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

எப்-1 விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வரை, கம்பஸுக்குள் மட்டும் வேலை செய்யலாம். பருவகாலத்தில் பயிற்சிக்கே வாரம் 20 மணித்தியாலம் வரை போகும். அதோடு பாடம், பயணம். எங்கே நேரம்? 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. நம் பிள்ளைகளுக்கு அது விசாவுக்கே ஆபத்தாகலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

படி 8: தகுதிப் பத்திரங்களை இப்போதே சேருங்கள்

முதல் இரண்டு பிரிவுகளுக்கும் என்.சி.ஏ.ஏ.யின் தகுதி மையத்தில் பதிய வேண்டும். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம் போன்ற பாடங்களில் 16 அடிப்படைப் பாடங்களைப் பார்ப்பார்கள். 2023 முதல் தகுதிக்கு எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி அனுமதிப் பரீட்சை தேவையில்லை. ஆனால் கல்லூரி தனியாகக் கேட்கலாம்.

தமிழ் மூலம் படித்த பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது. 9ஆம் வகுப்பில் இருந்து எல்லா முன்னேற்ற அறிக்கைகளும் வேண்டும், மூலப் பிரதியும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலத்தில் எடுக்கலாம். பாடசாலை அறிக்கைகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அக்கா மகளின் 9ஆம் வகுப்பு அறிக்கை, பழைய பிஸ்கட் டின்னுக்குள் தடுப்பூசி அட்டையோடு கிடந்தது. அதைத் தேட மட்டும் ஒரு கிழமை போனது.

பாடசாலை முடிந்த பிறகு நீண்ட இடைவெளி விட வேண்டாம். அந்தக் காலத்தில் போட்டிகளில் கலந்துகொண்டால் விளையாடக்கூடிய வருடங்கள் குறையலாம்.

படி 9: பயிற்றுநருக்கு நீங்களே எழுதுங்கள்

மின்னஞ்சல் முகவரி ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் இருக்கும். கொழும்பில் இதற்குப் பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கிடைக்கும் புலமைப்பரிசிலில் இத்தனை வீதம் தாருங்கள் என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கொடுப்பது பிள்ளையின் தகுதியையே பறிக்கலாம்.

எழுதும்போது நேரங்களைச் சரியாக எழுதுங்கள். சுகததாச நீச்சல் தடாகம் 50 மீற்றர். அமெரிக்கக் கல்லூரிகள் நீந்துவது 25 யார் தடாகத்தில். எனவே தடாகத்தின் நீளத்தையும் சேர்த்து எழுதினால் அவர்களே மாற்றிப் பார்ப்பார்கள். ஓட்டத்துக்கு மின்னணு நேரமா, கைக்கடிகார நேரமா என்று சொல்லுங்கள். சேர் ஜோன் டாபர்ட் போட்டி, அகில இலங்கைப் போட்டி முடிவுகளின் பிரதியையும் ஒரு நிமிடக் காணொளியையும் இணையுங்கள். அது போதும்.

விண்ணப்பம் பற்றி நேரில் கேட்க, கொழும்பு 3இல் உள்ள அமெரிக்க - இலங்கை புல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன்யூஎஸ்ஏ ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. எங்களுக்கு அங்கே பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

படி 10: தூதரகத்துக்குப் போகும் முன்

கல்லூரி அனுப்பும் ஐ-20 பத்திரத்தில் ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் கல்லூரி தரும் உதவி, அதன் கீழே குடும்பம் காட்ட வேண்டிய தொகை இருக்கும். படி 4இல் நீங்கள் போட்ட கணக்கும் அந்தத் தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் காலி வீதியில் நேர்முகத்துக்கு நிற்கும் முன்பே கல்லூரியிடம் கேட்டுத் திருத்துங்கள். எங்களுடையதில் படிப்புக்கான அந்த 6,000 டொலர் விடுபட்டிருந்தது. அதனால் அத்தான் 23,500 டொலர் காட்ட வேண்டும் என்று இருந்தது. மின்னஞ்சல் போட்டு நான்காம் நாள் திருத்திய பத்திரம் வந்தது.