டீ கப்பில் ஷார்குட்டரி: ஆஃப்டர்நூன் டீக்கு ஆளுக்கொரு கப்

பதப்படுத்திய இறைச்சி, சீஸ், பழம், ஊறுகாய் எல்லாவற்றையும் பெரிய மரப்பலகையில் பரப்பி நடுவில் வைப்பதுதான் ஷார்குட்டரிக்கு வழக்கமான முறை. ஆங்கிலேயர்களின் ஆஃப்டர்நூன் டீ மேசையில் அந்தப் பலகைக்கு இடம் கிடைக்காது. டீபாட், பால் ஜாடி, மூன்றடுக்குத் தட்டு, ஜாம், கிரீம் என்று மேசை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். 2020-ல் கொரோனா வந்த பிறகு, பலர் கைபடும் பலகையை விட்டுவிட்டு ஆளுக்கொரு கப்பாகப் பரிமாறுவது பரவியது. டீ விருந்துக்கு அதை டீ கப்பிலேயே வைத்தால் மேசையோடு பொருந்திப்போகும், இடமும் மிச்சம்.

ஆனால் கப் வேறு, தட்டு வேறு. கப்புக்கு வாய் அகலம், அடி குறுகல், நடுவில் ஆழம். தட்டில் அடுக்குகிற மாதிரியே அடுக்கினால் பாதி உள்ளே மூழ்கிப்போகும், மீதி சாயும், பிஸ்கெட் நமத்துவிடும். இந்த மூன்றையும் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அலங்காரம் தானாகவே அமையும்.

கப் எப்படி இருக்க வேண்டும்

180 முதல் 220 மி.லி. பிடிக்கிற, வாய் 9 செ.மீ. அளவுள்ள டீ கப் போதும். காபி மக் வேண்டாம். உயரமான நேர்ச்சுவருக்குள் எல்லாம் புதைந்துவிடும், விரலும் உள்ளே போகாது. சாஸர் கட்டாயம் வேண்டும். பாதிப் பொருள் அதில்தான் உட்காரப்போகிறது.

எல்லாக் கப்பும் ஒரே டிசைனில் இருக்க வேண்டும் என்பதில்லை. டீ குடிக்கிற கப்பிலிருந்து வேறுபட்டிருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் பேச்சு சுவாரஸ்யத்தில் யாராவது சலாமி மேல் டீயை ஊற்றிவிடுவார்கள். பிரிட்டனில் பழம்பொருள் கடைகளில் ஒற்றைக் கப், ஒற்றைச் சாஸர் மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்புப் பூச்சில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தால் அதில் சாப்பாடு வைக்காதீர்கள். பழைய பீங்கான் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். ஊறுகாயின் புளிப்பும் பழச்சாறும் பட்டால் அது கசியும்.

8 கப்புக்கு வேண்டியவை

இந்த அளவு, சாண்ட்விச்சும் ஸ்கோனும் கேக்கும் பக்கத்தில் இருக்கும் என்ற கணக்கில். ஒரு கப்பில் இறைச்சி 20 கிராமுக்குச் சற்று மேல், கெட்டி சீஸ் 25 கிராம். கப் மட்டும்தான் சாப்பாடு என்றால் இறைச்சியையும் சீஸையும் இரண்டு மடங்காக்கி, பெரிய கப் எடுங்கள்.

- சலாமி, மெல்லிய வட்டத் துண்டுகள்: 24 (சுமார் 120 கிராம்)
- ப்ரோஷூட்டோ என்ற, உப்பிட்டு உலர்த்திய இத்தாலியப் பன்றித் தொடை இறைச்சி: 4 துண்டுகள் (50 முதல் 60 கிராம்)
- செடார் அல்லது மான்செகோ போன்ற கெட்டி சீஸ்: 200 கிராம்
- செர்ரிப்பழ அளவு மொஸரெல்லா உருண்டை: 8
- கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ்: 16
- கெர்கின் என்ற சின்ன வெள்ளரிக்காய் ஊறுகாய்: 8
- விதையில்லாத் திராட்சை: மூன்று மூன்றாக 8 சின்னக் கொத்து
- ஸ்ட்ராபெர்ரி: 8
- உலர்ந்த ஆப்ரிகாட்: 8
- வறுத்த பாதாம்: 80 கிராம்
- பகெட் ரொட்டி, முந்தின நாளினது: 2 செ.மீ. கனத்தில் 8 துண்டு
- க்ரிஸினி என்ற இத்தாலியக் குச்சி ரொட்டி: 8
- உப்பு பிஸ்கெட்: 16
- மேல்முனையில் முடிச்சுள்ள மூங்கில் குச்சி, 12 செ.மீ.: 8
- ரோஸ்மேரி என்ற மணமுள்ள மூலிகை: 8 சின்னக் கிளை

கெர்கினைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் விளைந்து ஏற்றுமதியாகிற காய்தான் அது.

சலாமி வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். துண்டின் அகலம் 7, 8 செ.மீ. இருக்க வேண்டும். கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். கனம் கூடினால் மடிக்கும்போது விரிந்துகொள்ளும் அல்லது மடிப்பில் கிழியும். சென்னை போன்ற ஊர்களில் குளிர்பதனக் கடையில் கிடைக்கும் சிக்கன் சலாமி வேறு ஜாதி. அது உலரவைத்துப் பதப்படுத்தியது அல்ல, அரைத்து வேகவைத்தது. ஈரம் அதிகம், சீக்கிரம் கெடும், ரோஜாவாகச் சுருட்டினாலும் அரைமணியில் தளர்ந்துவிடும். அதைப் பயன்படுத்துவதென்றால் நான்காக மடித்துக் குச்சியில் குத்திவிடுங்கள்.

ஒரு பொது விதி: கொட்டை, தோல், ஓடு என்று மிச்சம் விழுகிற எதையும் கப்பில் வைக்காதீர்கள். கொட்டையுள்ள ஆலிவ், தோலோடு மான்செகோ, ஓட்டோடு பிஸ்தா, எல்லாம் விருந்தாளியின் கையில் ஒரு குப்பையை விட்டுவிட்டுப் போகும். நின்றுகொண்டு சாப்பிடுகிறவர் அதை எங்கே போடுவார்?

செய்முறை

1. முதலில் ஈரத்தை எடுங்கள். மொஸரெல்லா, ஆலிவ், கெர்கின் மூன்றையும் வடிகட்டி, டிஷ்யூ பேப்பரில் பரப்பி 15 நிமிடம் விடுங்கள். கெர்கினை இன்னொரு டிஷ்யூவில் சுற்றி லேசாக அழுத்தி எடுங்கள். திராட்சையும் ஸ்ட்ராபெர்ரியும் கழுவியபின் முழுக்கக் காய வேண்டும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. பிஸ்கெட் நமப்பதற்கும் அடியில் தண்ணீர் தேங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

2. சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டுங்கள். சூடேறினால் கத்தியில் ஒட்டும். 5 மி.மீ. கனத்தில் நீளமான முக்கோணங்கள், கப்புக்கு இரண்டு. மீதியை ஒன்றரை செ.மீ. சதுரங்களாக, கப்புக்கு இரண்டு. முக்கோணம் பின்னால் நிமிர்ந்து நிற்கும், சதுரம் இடைவெளியை அடைக்கும். ப்ரீ போன்ற மிருதுவான சீஸ் கப்புக்கு ஒத்துவராது. அறைச்சூட்டில் உருகி எல்லாவற்றின் மேலும் பூசிக்கொள்ளும். ஆசையாக இருந்தால் சாஸரில் ஒரு துண்டு வையுங்கள்.

3. சலாமி ரோஜா. துண்டுகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 5 நிமிடம் வெளியே விடுங்கள். விறைப்பாக இருந்தால் வெடிக்கும். அதிக நேரம் விட்டால் கொழுப்பு வியர்த்து வழுக்கும். மூன்று துண்டுகளை வரிசையாக, ஒன்றின் பாதியை அடுத்தது மூடுகிற மாதிரி வையுங்கள். வரிசையை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். இப்போது கீழே நேரான மடிப்பு, மேலே வளைந்த விளிம்புகள். ஒரு ஓரத்திலிருந்து, கீழ்ப்பக்கம் இறுக்கமாகவும் மேல்பக்கம் தளர்வாகவும் சுருட்டுங்கள். சுருட்டி முடித்ததும் மேல் விளிம்புகளை விரலால் லேசாக வெளியே தள்ளினால் இதழ் விரியும். பிரிந்துவிடும் என்று பயந்து பல்குச்சி குத்தாதீர்கள். தெரியாமல் கடித்துவிடுவார்கள். தட்டில் மடிப்புப் பக்கம் கீழே இருக்க ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தி ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்தால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும்.

4. குச்சி கோர்ப்பது. ப்ரோஷூட்டோவை நீளவாக்கில் இரண்டாகக் கிழியுங்கள். கத்தி வேண்டாம், கையிலேயே வரும். ஒரு பாதியைப் புடவைக் கொசுவம் மாதிரி மடித்துக்கொள்ளுங்கள். முடிச்சு முனையிலிருந்து ஆலிவ், கொசுவிய ப்ரோஷூட்டோ, மொஸரெல்லா, கெர்கின், மறுபடி ஆலிவ் என்ற வரிசை. எல்லாம் மேல் 7 செ.மீ.க்குள் அடங்கட்டும். கீழே 5 செ.மீ. வெறும் குச்சி இருந்தால்தான் ரொட்டியில் ஊன்ற முடியும்.

5. அடித்தளம். பகெட் துண்டின் ஓரத்தைச் சீவி, கப்பின் அடியில் கெட்டியாக உட்காரும்படி அழுத்துங்கள். இது உயரம் கொடுக்கும், குச்சிக்குப் பிடிமானம், கசிகிற எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்குச் சுட்ட ரொட்டி மெத்தென்று இருப்பதால் குச்சி ஆடும். அதனால்தான் முந்தின நாள் ரொட்டி. ரொட்டிக்கும் கப் சுவருக்கும் இடையிலும் மேலேயும் பாதாமைக் கொட்டுங்கள். இப்போது மேல்மட்டம் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. கீழே இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் இன்னொரு சின்ன ரொட்டித் துண்டு போடுங்கள்.

6. அடுக்குவது. கப்பின் பிடி வலப்பக்கம் இருக்கட்டும். பின்னால் குச்சியை ரொட்டியின் அடிவரை இறக்கி ஊன்றுங்கள். அதை ஒட்டி சீஸ் முக்கோணங்கள். முன்னால், விருந்தாளியைப் பார்த்தபடி சலாமி ரோஜா. பிடிக்கு எதிர்ப்பக்கம் திராட்சைக் கொத்து விளிம்புக்கு மேல் சற்றே வழிகிற மாதிரி. திராட்சையைத் தனித்தனியாக உதிர்த்தால் உருண்டு அடியில் போய்விடும்; காம்போடு இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடிப்பக்கம் ஆப்ரிகாட். சீஸ் சதுரங்களை மிச்ச ஓட்டைகளில் திணியுங்கள். கப்பை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். ஏதாவது அசைந்தால் அங்கே இன்னும் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

7. கடைசி 10 நிமிடம். ஸ்ட்ராபெர்ரியை முன்னால் வைத்து, க்ரிஸினியைப் பின்னால் சாய்த்துச் செருகி, ரோஸ்மேரியைக் குத்துங்கள். உப்பு பிஸ்கெட் இரண்டும் சாஸரில்தான், கப்புக்குள் அல்ல. தேன் ஊற்றாதீர்கள். கப்பின் பிடிவரை பிசுபிசுக்கும்.

எப்போது எதைச் செய்வது

சீஸ் வெட்டுவதை முந்தின நாள் இரவே முடித்து, இறுகச் சுற்றி வைக்கலாம். ரோஜாவும் குச்சியும் அன்று காலை. கப்பில் அடுக்குவது, அதாவது 6-ஆம் படி வரை, பரிமாறுவதற்கு 2 மணி நேரம் முன்பு. கப்புகளைத் தட்டத்தில் நிறுத்தி மேலே கிளிங் ஃபிலிம் தளர்வாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிமாறுவதற்கு 20, 30 நிமிடம் முன் வெளியே எடுத்தால் சீஸின் ருசி தெரியும். ஃப்ரிட்ஜ் குளிரில் செடாரும் சப்பென்றுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். வெளியே எடுத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. லண்டன் தோட்டத்தில் விருந்து வைப்பவருக்கு முதல் கணக்கு. சென்னையில் மொட்டை மாடியில் வைப்பவருக்கு இரண்டாவது, சிக்கன் சலாமி என்றால் அதையும் நம்ப வேண்டாம். சாப்பிடும் நேரத்துக்கு நேராக எடுத்து வையுங்கள்.

யாருக்கு எந்தக் கப்

ஆளுக்கொரு கப் வைப்பதில் உண்மையான லாபம் இதுதான். பலகையில் பன்றியும் மாடும் சீஸும் ஒரே கரண்டியில் புரளும். கப்பில் அந்தச் சங்கடம் இல்லை. ப்ரோஷூட்டோ பன்றி. சலாமியும் பெரும்பாலும் பன்றிதான். ப்ரெஸாவ்லா மாட்டிறைச்சி. பிரிட்டன் கடைகளில் ஹலால் முத்திரையுள்ள மாட்டு சலாமியும் வான்கோழி சலாமியும் கிடைக்கும். எந்தக் கப்பில் என்ன என்று சின்ன அட்டையில் எழுதிச் சாஸரில் வைத்துவிடுங்கள், யாரும் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சைவக் கப்பில் இறைச்சிக்குப் பதில் நெருப்பில் வாட்டித் தோலுரித்த சிவப்பு குடைமிளகாய், எண்ணெயில் ஊறிய ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய். இரண்டையும் நன்றாக ஒற்றி எடுத்தபின் போடுங்கள். சீஸில் ஒரு பொறி உண்டு: பார்மிஜியானோ ரெஜியானோ என்ற இத்தாலியக் கெட்டி சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறையவைத்தது, சைவம் ஆகாது. மற்ற சீஸ்களில் சைவம் என்று லேபிள் சொல்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வேகாத பதப்படுத்திய இறைச்சி, ப்ரீ போன்ற சீஸ் இரண்டும் வேண்டாம். கெட்டி சீஸும் பழமும் வைத்துத் தனிக் கப் போடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், முழு பாதாம் கூடாது, கூர்க்குச்சியும் கூடாது.

சொதப்பினால்

கப் ஒரு பக்கம் சாய்கிறதா? குச்சி 15 செ.மீ.க்கு மேல் இருக்கும், அல்லது உயரமானதெல்லாம் ஒரே ஓரத்தில் இருக்கும். க்ரிஸினியைக் குச்சிக்கு நேர் எதிர்ப்பக்கம் மாற்றிப் பாருங்கள். சலாமி மினுமினுவென்று எண்ணெய் விட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். டிஷ்யூவால் ஒற்றி மறைக்காதீர்கள், கப்பை எடுத்துவிடுங்கள். ஆப்பிள், பேரிக்காய் போட்டுக் கறுத்துப்போனால் அடுத்த முறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் 3 நிமிடம் நனைத்துத் துடைத்துப் போடுங்கள். திராட்சை இருக்கும்போது அவை இல்லாமலும் முடியும்.

டீ விஷயத்தில் சுருக்கமாக: புகைமணமுள்ள லாப்சாங் சூஷாங் சலாமியோடு சேரும், செடாருக்குப் பால் விட்ட அஸ்ஸாம். லேசான நுவரெலியா டீயைப் பால் விடாமல் கொடுத்தால் ப்ரோஷூட்டோவின் உப்பும் ஆப்ரிகாட்டின் இனிப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும்.

பொன்விளிம்புக் கப்புகளைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போடாதீர்கள், விளிம்பு மங்கும். ரொட்டித் துண்டை எடுத்துவிட்டு, உள்ளே ஒட்டிய கொழுப்பை டிஷ்யூவால் வழித்தபின் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கையால் கழுவுங்கள். கொழுப்போடு நேராக சிங்கில் கழுவினால் அது குழாயில் போய் உறைந்துகொள்ளும்.