காபி கிளப் சுவரில் பழம்பொருள்: ஓதம் தின்னாமல் வைப்பது எப்படி

கல்லாவுக்குப் பின்னால் தாத்தா காலத்து ஸ்டூடியோ போட்டோ, எனாமல் போர்டு, பெண்டுலம் கடிகாரம், கோலி சோடா பாட்டில். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் பழைய காபி கிளப்புகளில் இவற்றைக் கெடுப்பது வயதைவிடச் சுவரின் ஓதமும் பாய்லர் ஆவியும்தான். அதனால் பொருளைத் துடைக்க உட்காரும் முன் சுவரைப் பாருங்கள்.

ஓரடிச் சதுரத்துக்கு பாலிதீன் ஷீட் வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி 2 நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரில் ஓதம். வெளிப்பக்கம் கோத்திருந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது. சுவரை விட்டுவிட்டு ஆவி வெளியேற வழி பாருங்கள். இந்த ஷீட் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்ய வேண்டும். சித்திரையில் பார்த்தால் எந்தச் சுவரும் நல்ல சுவர்தான். தரையிலிருந்து 3 அடிக்குள் எதையும் மாட்டாதீர்கள். உப்புப் பூத்த இடத்தை பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து மூடினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், சுண்ணாம்பே அடியுங்கள்.

பழைய காரைப் பூச்சில், ஸ்குரூ பிடிக்கத் துளையில் செருகும் பிளக் நிற்காது, பொடிந்து கையோடு வரும். உயரத்தில் ஒரு மர ரீப்பரை, காரையைத் தாண்டிச் செங்கல்லில் பிடிக்கிற நீள ஸ்குரூவால் 2 அடிக்கு ஒன்றாக முடுக்கி, சட்டங்களை அதிலிருந்து ஸ்டீல் கம்பியில் தொங்கவிடுவதே நல்லது. ஒவ்வொரு சட்டத்தின் பின்புறமும் கீழ் மூலைகளில் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். பூச்சியும் குடியேறாது.

அதிகம் பாழாவது போட்டோதான். படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் உப்பிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டதைப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் எடுத்து வையுங்கள். புதிதாகப் பிரேம் போடுகையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். முதுகில் ஹார்ட்போர்டு வேண்டாம், அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். தேர்தல் தட்டிக்கு வாங்குகிற சன்பேக் பிளாஸ்டிக் ஷீட் போதும். படத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு மூலையிலும் காகித மடிப்பில் செருகுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கலக்கும் மயில்துத்தப் பசை பூச்சியைத் தடுக்கும், ஆனால் அதிலுள்ள தாமிரம் காகிதத்தையே நொறுக்கிவிடும். வெயில் படும் இடத்தில் அசலை வைக்காமல் நகலை மாட்டுங்கள்.

எனாமல் போர்டு இரும்புத் தகட்டில் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. தகடு வளைந்தால் பூச்சு தெறிக்கும். ஸ்குரூவை நேரடியாக இறுக்காமல் இருபுறமும் ரப்பர் வாஷர் போட்டு, அசையாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். பெரும்பாலும் துரு துளையில்தான் தொடங்கும். ஆசிட் படவே கூடாது.

பித்தளை டவராவையும் கூஜாவையும் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் வெட்டெழுத்து மழுங்கும். காட்சிக்கு வைப்பதை மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டி, உலர்த்தி, மெல்லிசாக மெழுகு பூசி வையுங்கள். பச்சைப் பொடி உதிர்கிற பாத்திரத்தைத் தனியாக, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். அவர்கள் வெளியிட்ட ஈயக் காசு கையில் இருந்தால் மரப்பெட்டி ஆகாது. மரம் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும், அந்தப் பொடி நஞ்சு. சாப்பிடும் இடம் என்பதால் மூடிய கண்ணாடிக் குப்பியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் அடித்தளம் சுண்ணப்பொடியும் பசையும், ஆகவே ஈரத்துணியே தொடக்கூடாது. பாய்லர் இருக்கும் அறையில் அதற்கு இடமில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருளும், 75 ஆண்டு கடந்த சுவடியும் தொல்பொருளாகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலை, ஓவியம், சுவடி போன்றவற்றுக்குப் பதிவும் உண்டு. ஆளே தெரியாதவர் கொண்டுவரும் பஞ்சலோகச் சிலை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கோலி சோடா பாட்டிலில் உப்புநீர்க் கறை இருந்தால் ஓரிரவு வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போகும்.

கடிகாரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகி நிறுத்திவிடும். மாட்டியபின் காது கொடுத்துக் கேளுங்கள்: ஒரு டிக் நீண்டு மறு டிக் குறுகினால் பெட்டி சாய்ந்திருக்கிறது. கீழ்ப்பக்கத்தை மெல்ல நகர்த்தி, இரண்டும் சமமாகும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை ஒட்டடை அடிக்கிற பையன் தள்ளிவிட்டால் திரும்பச் சரிசெய்ய அந்தக் கோடு வேண்டும்.